மூச்சுக்காற்றை யார் பரிசோதிப்பது?

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சுற்றுலாத் துறை, வனத்துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். டைவிங் கற்றுக்கொடுப்பதும், டைவிங் கருவிகளைப் பிரித்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டிக் கொடுப்பதும் என் தொழில். சிலிண்டர் கட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்க இறங்கும் சுற்றுலாப் பயணிகளோடும் எனக்குப் பழக்கம் உண்டு. கீழக்கரை, வேதாளை, பெரியபட்டினம் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிக்கும் குடும்பங்களோடும் உண்டு. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே அபூர்வம். ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பாம்பன் கால்வாயில் நீரோட்டம் எப்போது திரும்பும் என்று எங்களுக்குத் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் வீசும் கச்சான் காற்று தொடங்கினால் மன்னார் வளைகுடாப் பக்கம் தண்ணீர் கலங்கிவிடும், வாடை தொடங்கினால் பாக் நீரிணைப் பக்கம் இறங்க முடியாது என்பதைக் கடற்கரையில் விளையாடும் பையன்கூடச் சொல்வான். கடலைக் கண்ணால் பார்த்துக் கணிக்கப் பழகியிருக்கிறோம். முதுகில் மாட்டியிருக்கும் சிலிண்டருக்குள் இருக்கும் காற்று நல்லதா கெட்டதா, அந்தச் சிலிண்டரே உறுதியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் வழியில்லாமல் இருக்கிறோம்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்துக்குள் ஒரு பரிசோதனை இடம் வேண்டும். சிலிண்டர், அதில் காற்றை அடைக்கும் கம்ப்ரசர், அந்தக் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், எதைக் கொண்டுவந்தாலும் சோதித்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்கிற இடம். கொண்டுவந்தவர் யார், எதற்குக் கடலில் இறங்குகிறார் என்று கேட்டு வழக்குப் போடாத இடம். இந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியால் பயன் இல்லை. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

காற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் பயம் அதில்தான். சிலிண்டரில் இருப்பது நாம் எல்லோரும் மூச்சு விடும் அதே காற்று, அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜனை அப்படியே அடைத்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. காற்றை அழுத்துவது கம்ப்ரசர். அது பெட்ரோல் அல்லது டீசல் இன்ஜினில் ஓடினால், அதன் புகைபோக்கியும் காற்றை உள்ளே இழுக்கும் குழாயும் பக்கம் பக்கமாக இருந்தால், காற்று திசை மாறுகிற நேரத்தில் புகை உள்ளே போய்விடும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை, ருசி இல்லை. கரண்டில் ஓடும் கம்ப்ரசர் என்றால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அதிலும் உள்ளே இருக்கும் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிக் கருகினால் இதே வாயு உண்டாகும்.

நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். ஆழம் அதைப் பெருக்கும். 30 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் 4 மடங்கு. அதனால் கரையில் 10 பிபிஎம் என்று அளந்த காற்று, அங்கே 40 பிபிஎம் சுவாசித்தது போல் வேலை செய்யும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 12021 இந்த வாயுவுக்கு 5 பிபிஎம் என்று எல்லை வைத்திருக்கிறது. பத்து லட்சம் பங்கில் ஐந்து பங்கு. இன்னொரு கொடுமையும் உண்டு. ஆழத்தில் ஆக்சிஜனின் அழுத்தமும் சேர்ந்து கூடியிருப்பதால் டைவர் ஓரளவு தாக்குப்பிடித்துவிடுவார். மேலே ஏறி வரும்போது அந்த அழுத்தம் குறையும், நினைவு தப்பும். கரைக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் ஆள் போவது.

சின்ன அளவில் உள்ளே போனால் தலைவலி, குமட்டல், உடம்பு தளர்வு. சங்கு குளித்துவிட்டு வருகிறவர் தலை வலிக்கிறது என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? வெயில், பசி, தூக்கம் போதவில்லை என்பார்கள். அவரும் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார். மறுநாள் விடிந்தால் அதே கம்ப்ரசர்.

ஒரு முறை வல்லம் என்ற நாட்டுப் படகு ஒன்றில் போய்வந்த இரண்டு பேருக்கு ஒரே நாளில் தலைவலி என்றார்கள். போய்ப் பார்த்தேன். காற்று இழுக்கும் வாய், இன்ஜினுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. ஒரு குழாயை நீட்டி, காற்று வரும் பக்கமாக உயரத்தில் கட்டினோம். தலைவலி நின்றது என்று அப்புறம் சொன்னார்கள். காரணம் புகைதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, என்னிடம் அளக்கும் கருவி இல்லை. நிறம் மாறும் சின்னக் கண்ணாடிக் குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தினால் சில நிமிடத்தில் அளவு தெரிந்துவிடும். மின்னணு அளவுமானிகளும் உண்டு. ஒரு தனி ஆளுக்கு அது செலவு. ஒரு மாவட்டத்துக்கு அது ஒரு செலவே இல்லை.

ஃபில்டர் பற்றியும் சொல்ல வேண்டும். டைவிங் கம்ப்ரசரின் ஃபில்டரில் ஈரத்தை உறிஞ்சும் மணிகளும், எண்ணெய் வாடையைப் பிடிக்கும் கரியும் இருக்கும். சிலவற்றில் கார்பன் மோனாக்சைடை மாற்றிவிடும் ஹாப்கலைட் என்ற பொருளும் இருக்கும். ஈரம் பட்டால் ஹாப்கலைட் செத்துவிடும். இத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை ஃபில்டரை மாற்று என்று கம்பெனி கொடுக்கும் கணக்கு பெரும்பாலும் 20 டிகிரி வெப்பத்தை வைத்துப் போட்டது. 40 டிகிரியில் அதில் பாதி நேரம்கூட அந்த ஃபில்டர் தாங்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலும் கடற்கரை ஈரக்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புத்தகத்தில் போட்ட மணிக்கணக்கை நேர்மையாகக் கடைப்பிடிக்கிறவருடைய ஃபில்டர்கூட நம் ஊரில் காலாவதியாகித்தான் இருக்கும்.

இனி சிலிண்டர். வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அளவுதான். அதற்குள் 200 பாருக்கு மேல் அழுத்தி, 2,200 லிட்டர் காற்றை அடைக்கிறோம். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அந்த டயர் வெடித்தாலே தெருவே திரும்பிப் பார்க்கும்.

இந்தச் சிலிண்டர்கள் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வரும் எரிவாயு சிலிண்டர் விதிகள், 2016க்கு உட்பட்டவை. அவற்றைக் கண்காணிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அமைப்பு. 5 ஆண்டுக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும் என்பது பரவலான நடைமுறை. சிலிண்டரைத் தண்ணீரால் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்து, அது எவ்வளவு விரிகிறது, திரும்ப எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பார்கள். தேறினால் தோள்பட்டையில் தேதியைக் குத்துவார்கள். இங்கே புழங்கும் சிலிண்டர்களில் அந்தத் தேதியைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சிலவற்றில் தேதி பழையது. சிலவற்றில் பெயிண்டுக்கு அடியில் தேதியே தெரியவில்லை. வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் டெஸ்டுக்கு வெளியூருக்குத்தான் அனுப்புகிறோம். சிலிண்டரை வண்டியில் ஏற்றி அனுப்பி, திரும்ப வரும்வரை தொழிலை நிறுத்திவைக்க எத்தனை பேரால் முடியும்?

ஹைட்ரோ டெஸ்டுக்கு இடையில் ஆண்டுக்கு ஒரு முறை வால்வைக் கழற்றி விளக்கு விட்டு உள்ளே பார்ப்பதும் அவசியம். அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் உறைக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி அலுமினியத்தைக் குழி குழியாக அரித்திருக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். இரும்புச் சிலிண்டர் என்றால் உள்ளே ஈரம் போய்த் துரு பிடிக்கும். நீண்ட நாள் அப்படியே கிடந்தால் அந்தத் துருவே உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். கேஜில் அழுத்தம் காட்டும், மூச்சும் வரும், ஆனால் அந்த மூச்சில் உயிர் இருக்காது. அதனால்தான் சிலிண்டரை ஒருபோதும் முழுதாகக் காலி செய்யாதே, கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வை என்று சொல்லிக்கொடுக்கிறோம். காலி சிலிண்டரின் வால்வு திறந்து கிடந்தால் ஈரம் உள்ளே போக வேறு வழி வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து கைமாறி வரும் பழைய சிலிண்டர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 6351 என்ற அலுமினியக் கலவையில் 1980களின் கடைசி வரை செய்த சிலிண்டர்கள் சிலவற்றின் கழுத்தில் விரிசல் விட்டு, காற்று நிரப்பும்போது வெடித்திருக்கின்றன. அமெரிக்காவில் இவற்றுக்கு மட்டும் தனிச் சோதனை கட்டாயம் ஆனது. அதேபோல வால்வின் மரை. எம்25 என்ற மெட்ரிக் மரையும் முக்கால் அங்குல மரையும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றை இன்னொன்றில் திருகினால் பிடித்ததுபோலவும் இருக்கும். அழுத்தம் ஏறியதும் வால்வு துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். காற்று நிரப்புகிறவர் அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டிருப்பார். கடலில் காலே வைக்காமல் டைவிங் கருவியால் ஒருவர் சாகிற வழி இது. இதைக் கண்டுபிடிக்க ஒரு அளவுகோலும் விவரம் தெரிந்த ஒரு ஆளும் போதும்.

இப்போது நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம். ரெகுலேட்டரையும், காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைச் சரிசெய்யும் மிதவைச் சட்டையையும் ஒவ்வொரு டைவுக்கும் பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். உலகத்தில் எந்த டைவிங் புத்தகத்தைத் திறந்தாலும் இது இருக்கும். நல்ல தண்ணீர்! இராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையிலும் வீட்டுக்கு நல்ல தண்ணீர் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊரில், ஒரு ரெகுலேட்டரை ஊறவைக்க ஒரு தொட்டி நல்ல தண்ணீரை எந்த வீட்டில் தருவார்கள்? கிணற்று உவர்த் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு வெயிலில் தொங்கவிடுகிறார்கள். உப்பு உள்ளேயே காய்ந்து படிகமாகிவிடும்.

அந்தப் படிகம் செய்கிற வேலையைத்தான் நான் பட்டறையில் தினமும் பார்க்கிறேன். ரெகுலேட்டரின் வால்வு முழுதாக மூடாமல் காற்று தானாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், சிலிண்டர் கண்ணெதிரே காலியாகும். அதைவிட மோசம் மிதவைச் சட்டைக்குள் காற்றை விடும் இன்ஃப்ளேட்டர் பொத்தான். விரலை எடுத்த பிறகும் உப்பில் சிக்கி உள்ளேயே நின்றுவிட்டால் சட்டை ஊதிக்கொண்டே போகும், டைவர் பந்துபோல் மேலே எழும்புவார். 10 மீட்டரில் இழுத்த ஒரு மூச்சு, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டே வந்தால் நுரையீரல் கிழியும், காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். இதற்கு ஆழம்கூட வேண்டியதில்லை, ஆளுயரத் தண்ணீரிலேயே நடந்திருக்கிறது. பொத்தான் சிக்கினால் அந்தக் குழாயை உடனே சட்டையிலிருந்து பிடுங்கி, காற்றை வெளியே விட வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இதைக் கண்ணைக் கட்டிச் செய்யவைக்கிறேன். ஆனால் பத்து நிமிடப் பயிற்சியோடு இறங்கும் சுற்றுலாப் பயணிக்கு அது எப்படி வரும்? அவருக்குக் கொடுக்கிற கருவி சிக்காமல் இருப்பது ஒன்றுதான் அவருக்கு இருக்கும் பாதுகாப்பு. அதனால் படகு நிற்கும் துறைகளில், காசில்லாமல் கருவி அலச ஒரு நல்ல தண்ணீர்த் தொட்டி கேட்கிறேன். இது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஒரு நாளைக்கு ஒரே தொட்டித் தண்ணீரில் நூறு ரெகுலேட்டர் அலசலாம்.

சிலிண்டர் இல்லாமல், வல்லத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டு நீளமான குழாய் வழியாக மூச்சு விட்டுக் குளிக்கிற முறை நம் தென்கரையில் பல இடங்களில் இருக்கிறது. டயருக்குக் காற்றடிக்கவும் பெயிண்ட் அடிக்கவும் செய்த மெஷின்கூடச் சில இடங்களில் இந்த வேலைக்கு வந்துவிடுகிறது. அதில் போடுவது சாதாரண இன்ஜின் ஆயில். அதன் ஆவிதான் நுரையீரலுக்குப் போகிறது. இன்ஜின் நின்றால், குழாய் மடங்கினால், பக்கத்துப் படகின் விசிறியில் குழாய் மாட்டினால் மூச்சு நின்றுவிடும். முதுகில் ஒரு சின்னச் சிலிண்டர்கூட மாற்றுக்கு இருக்காது. மேலே குழாய் அறுந்தால் காற்று நிற்பதோடு போகாது. ஆழத்தின் அழுத்தம் டைவரின் வாயிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் காற்றைக் குழாய் வழியே மேலே உறிஞ்சும். ஒருபக்க வால்வு என்று ஒரு சின்னச் சாமான், குழாய் டைவரிடம் வந்து சேரும் இடத்தில் போட்டால் போதும், அந்த உறிஞ்சல் நடக்காது. விலை ஒரு நாள் கூலிக்குள் அடங்கும். அது இல்லாத குழாய்களை நான் பார்த்திருக்கிறேன். போட்டுவிட்டு வந்தும் இருக்கிறேன்.

கருவிக் கோளாறால் எத்தனை பேர் சாகிறார்கள், இதைப் பெரிதாக்குகிறேனா என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன். 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பினர் ஆராய்ந்தார்கள். எது தொடங்கிவைத்தது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்று தீர்ந்துபோனதால், 20 சதவீதம் எதிலாவது மாட்டிக்கொண்டதால், 15 சதவீதம் கருவிப் பிரச்சினையால். ஆகக் கருவி மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது. அந்த 15லும் கருவியைத் தவறாகப் பயன்படுத்தியது ஒரு பங்கு. ஆனால் முறையான பயிற்சியும் கடையில் வாங்கிய கருவியும் உள்ளவர்கள் மத்தியில் எடுத்த கணக்கு அது. காற்று தீர்ந்தது என்ற 41க்குள்ளும், சரியாகக் காட்டாத கேஜும் பாதி திறந்த வால்வும் எத்தனை ஒளிந்திருக்குமோ. நம் கரையில் கணக்கு எடுத்தால் என்ன வரும் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கீழே இறங்கப் பாரமாக இடுப்பில் கட்டி, ஆபத்து என்றால் கழற்றிப் போட வேண்டிய ஈயப் பட்டை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறந்து எடுக்கப்படும் டைவர்களில் பெரும்பாலோர் இடுப்பில் ஈயப் பட்டை அப்படியே இருக்கும் நிலையில்தான் கிடைக்கிறார்கள் என்று விபத்து ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒரு கையால் இழுத்தால் அவிழும் பக்கிள் இருக்க வேண்டிய இடத்தில் நைலான் கயிற்று முடிச்சைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. முத்துக்குளித்த நம் முன்னோர்கள் கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் கால் வைத்துத்தான் இறங்கினார்கள். தரை தொட்டதும் காலை எடுத்துவிடுவார்கள், மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். பாரம் உடம்போடு கட்டுப்படவே இல்லை. அந்தப் புத்தி இந்தக் கரையிலேயே இருந்தது.

சிலிண்டரே தொடாத, கடல்பாசி எடுக்கும் பெண்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் போடுவது நீச்சல் கண்ணாடி. அது மூக்கை மூடாது. மூக்கை மூடும் மாஸ்க் என்றால் ஆழம் போகப்போக மூக்கு வழியே கொஞ்சம் காற்றை விட்டு அழுத்தத்தைச் சமன் செய்யலாம். நீச்சல் கண்ணாடியில் அந்த வழி இல்லை. இரண்டு பாகம், அதாவது சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்தில்கூட அது கண்ணைப் பிடித்து இழுக்கும், கண்ணின் வெள்ளைப் பகுதியில் இரத்தம் கட்டும். உப்புத் தண்ணீரால் கண் சிவந்தது என்றுதான் அக்காமார்கள் சொல்கிறார்கள். மூக்கை மூடுகிற, உடைந்தால் கூர்ச்சில்லாகச் சிதறாத டெம்பர்டு கண்ணாடி போட்ட மாஸ்க்கை நலத்திட்டத்தில் கொடுங்கள்.

இப்போது அந்த இரண்டாவது பாதிக்கு வருகிறேன். வழக்குப் போடாத இடம் என்று ஏன் கேட்கிறேன்?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டங்களில் எனக்கு மறுப்பு இல்லை. பவளப்பாறை போனால் என் தொழிலும் போய்விடும். ஆனால் சட்டத்துக்குப் பயந்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். கம்ப்ரசரை வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். சிலிண்டரை மணலில் புதைக்கிறார்கள். சட்டப்படி சங்கு எடுப்பவர்கூட, எதற்கு வம்பு என்று மறைத்துத்தான் வைக்கிறார். மறைத்த கருவிக்கு ஹைட்ரோ டெஸ்ட் கிடையாது, ஃபில்டர் மாற்றுவது கிடையாது, அதை என்னிடம் கொண்டுவருவதுகூட இருட்டிய பிறகுதான். தடையை மீறுகிறவரைக் கடலிலும் படகுத் துறையிலும் பிடியுங்கள், அது உங்கள் கடமை. பரிசோதனை மேசையில் பிடிக்காதீர்கள். அங்கே ஒருவரைப் பிடித்தால் அன்றோடு அந்த மேசைக்கு யாரும் வர மாட்டார்கள். அவருடைய கருவியில் இறங்கும் தம்பியும் மகனும் எந்தச் சட்டத்தையும் மீறாதவர்களாக இருக்கலாம், அவர்களுக்கும் காற்று அதே காற்றுதான்.

இதனால் திருட்டுக் குளியல் வளரும் என்று வனத்துறை அலுவலர்கள் கவலைப்படலாம். அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. கருவியைச் சோதிப்பதும் காற்று நிரப்பிக் கொடுப்பதும் வேறு வேறு. நிரப்ப வேண்டாம், சோதித்து மட்டும் கொடுங்கள். ஆகாத சிலிண்டரை அங்கேயே துளையிட்டுச் செயலிழக்கச் செய்யுங்கள், அதற்கு உரியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு. அப்படிச் செய்தால் கரையில் புழங்கும் கெட்ட சிலிண்டரின் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

இடத்துக்கு நாம் அலைய வேண்டியதில்லை. 1947இல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது, அதன் மையம் இன்றும் இங்கே இருக்கிறது. கடலோரக் காவல்படை மண்டபத்தில் இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம் இருக்கிறது. சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. இவர்களையும் பெசோவையும் ஒரே மேசையில் உட்காரவைக்க மாவட்ட ஆட்சியர் ஒருவரால்தான் முடியும். தொடக்கத்தில் நிரந்தரக் கட்டடம்கூட வேண்டாம். ஒரு வேனில் காற்று சோதிக்கும் கருவியும், சிலிண்டருக்குள் பார்க்கும் விளக்கும், மரை அளவுகோலும் வைத்துக்கொண்டு, கீழக்கரையில் ஒரு நாள், ஏர்வாடியில் ஒரு நாள், தொண்டியில் ஒரு நாள் என்று சுற்றலாம். ஹைட்ரோ டெஸ்டுக்கு உரிய சிலிண்டர்களை அந்த வேனே சேகரித்து, அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு மொத்தமாக அனுப்பித் திரும்பக் கொண்டுவரலாம். வேன் போகிற ஊர்களில் கூடவே நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்கு ரெகுலேட்டர் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுங்கள். என் பட்டறைக்கு வேலை குறையும், குறையட்டும்.

சுற்றுலா டைவிங் நடத்துகிறவர்களிடம் மட்டும் கண்டிப்பு வேண்டும். காசு வாங்கிக்கொண்டு, தெரியாத ஒருவர் முதுகில் சிலிண்டரை மாட்டுகிறவருக்குப் பொறுப்பு கூடுதல். கடைசியாகக் காற்றுச் சோதனை எப்போது நடந்தது, ஃபில்டர் எப்போது மாறியது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் தேதி என்ன என்று கடை வாசலில் தமிழில் பலகை வைக்கச் சொல்லுங்கள். படகில் அவசரத்துக்கு மருத்துவ ஆக்சிஜன் இருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்ட டைவரை இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், அங்கே இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இது நுரையீரல் கிழிந்ததா, இரத்தத்தில் குமிழி அடைத்ததா என்று சந்தேகிக்கத் தெரிய வேண்டும். குமிழியைச் சுருக்க டைவரை உள்ளே வைத்து அழுத்தம் கொடுக்கும் அறை எந்த ஊரில் இருக்கிறது, அங்கே எந்த வழியில் அனுப்புவது என்று எழுதிய ஒரு தாள் அவசரப் பிரிவின் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

கச்சான் காற்று அடங்கி மன்னார் வளைகுடாப் பக்கம் தண்ணீர் தெளியும்போது குளியாட்களும் சுற்றுலாப் பயணிகளும் ஒருசேர இறங்குவார்கள். அதற்கு முன்னால் முதல் வேன் ஒரு ஊருக்காவது வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேதாளையில் வந்து நிறுத்தினால், வீடு வீடாகப் போய்க் கருவிகளைக் கொண்டுவரச் சொல்லும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கேஸ் போடுவார்களா என்பதாகத்தான் இருக்கும். அதற்குக் காட்ட உங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் எனக்கு வேண்டும்.

மரியாதையுடன்,
மண்டபம் டைவர் ஒருவர்